வரப்பு தாண்டிய கடுகு

2003 தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, மீன்சுருட்டியில் பஞ்சவர்ணத்தின் கடுகுச் செடிகளில் நாற்பது, வரப்பைத் தாண்டி ராசாங்கத்தின் கொல்லைக்குள் நடந்து போயின. யாரும் அலறவில்லை. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, ஒரே வருஷத்தில் பெரம்பலூரோடு திரும்ப ஒட்டிக்கொண்டிருந்த சமயம். எல்லை நகர்வதெல்லாம் அங்கே பெரிய விஷயமா என்ன!

மூடிப்போன சாயப்பட்டறை ஒன்று விட்டுப்போன ஈயம் இரண்டு கொல்லையிலும் இறங்கி, பஞ்சவர்ணத்தின் கிணற்றையும் கெடுத்திருந்தது. மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். தண்ணீர் சுத்தமாகாமல் அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் திருச்சி ஆராய்ச்சிக்கூடத்துச் சாந்தா கொடுத்த, மரபணு மாற்றிய கடுகைப் பஞ்சவர்ணம் விதைத்தாள். செடிகள் ஈயத்தைத் தின்றன. பூ உதிர்ந்தால் ஆணி விழுந்த சத்தம் கேட்டது. தன் பக்கம் தீர்ந்ததும் பசி தாங்காமல் அடுத்த பக்கம் போயின, அவ்வளவுதான்.

ராசாங்கம் அவளுடைய கொழுந்தன், கைநடுக்கக்காரன். ஒரு முழ வரப்புக்காகப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "செடிய வுட்டு நெலத்தப் புடிக்கப் பாக்குறாளா?" என்று நாற்பதையும் பிடுங்கி எறிந்தான். முள்வேலி போட்டான். சர்வேயரையும் கூட்டி வந்தான். செடி நடக்கக் கூடாதென்று ரூல் இல்லீங்க என்று அவர் போய்விட்டார். அவன் பக்கத்து ஈயம் கசிந்து கிணறு மறுபடி கெட்டது. பஞ்சவர்ணம் வேலியோரம் நின்று வாய்விட்டு அழுதாள்.

மிச்சச் செடிகள் வேலியை ஒட்டி வரிசையாக நின்றன. அவற்றைத் திட்டவே ராசாங்கம் தினமும் வந்தான். ஒருநாள் ஒரு செடி முள்ளுக்கடியில் வேரை நீட்டி அவன் காலைப் பிடித்தது. இருபது வருஷம் அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றவன். அவனுக்குள்ளும் ஈயம் இருந்தது. உதறப் போனவன் உதறவில்லை. மதியத்துக்குள் கைநடுக்கம் நின்றுபோயிற்று.

மறுநாள் வேலியைப் பிரித்தான். "எங் கைக்காகத்தான் பிரிக்கிறேன், வேற எதுக்கும் இல்ல," என்று செடிகளிடம் சொன்னான்.

"யாரு கேட்டா இப்ப?" என்றாள் பஞ்சவர்ணம்.

பங்குனியில் கவிதா வந்தாள். நல்ல தண்ணீர் என்று சாந்தா தாள் கொடுத்திருந்தார். தாளை யார் நம்புவது? ராசாங்கம் தானே ஒரு செம்பு இறைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தான்.

"குடிக்கலாம் அண்ணி. புள்ளைக்குக் குடுங்க."

2007இல் மாவட்டம் திரும்பப் பிரிந்தபோது அதே சர்வேயர் வந்தார். வரப்பைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்: வரப்பு இல்லை. பயிர் கடுகு; இரண்டு பக்கமும் போய்வரும்.