மீட்டரில் ஏறாத தூரம்

எங்கள் காருக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த கிழட்டு வண்டி ஆறுக்கு இறங்கியது. வாரநாட்களில் சோளமாவுத் தமாலே அவித்து, இந்த வண்டியில்தான் கொண்டுபோய் எங்கள் ஊரான குவாய்மாஸ் துறைமுக வாசலில் விற்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி என் புருஷன் எலிசேயோவுக்கு. சேவல் சண்டை பார்க்கப் போவான். மீட்டரை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவள். ஞாயிறு ஓட்டம் பக்கத்து ஊர் தூரத்தைத் தாண்டியதே இல்லை.

சண்டை பார்க்கப் போகாதே என்று நான் சொன்னதில்லை. அவனோடு பேசுவதே குறைவு. எங்கள் ஒரே மகன் ராமிரோ வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. என்னைப்போலப் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்களோடு சேர்ந்து நானும் பாலைநிலத்தில் தேடினேன். இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, நுனியை முகர்ந்து பார்ப்போம். பிண வாடை வந்தால் தோண்டுவோம். ஒருநாள் போனில் எவனோ என் பெயரைச் சொல்லி, இன்னும் கிளறினால் உனக்கும் அங்கேதான் குழி என்றான். அன்றைக்கே எலிசேயோ என் கம்பியை எடுத்துப்போய்க் கடலில் வீசிவிட்டதாகச் சொன்னான்.

"போனவன் போயிட்டான். இனிமே நீ தேடப் போகக்கூடாது."

பெற்றவன் சொல்கிற வார்த்தையா அது? அதற்குப் பிறகு சோறு போட்டேன், துணி துவைத்தேன். மன்னிக்கவில்லை.

வண்டியை என் சித்தி மகன் நபோரிடம் கொண்டுபோனேன். மெக்கானிக். வாய் ஓயாதவன்.

"இதுக்கு பென்ஷன் குடுத்து வீட்ல உக்கார வை அக்கா!"

பிளக்கைச் சுத்தம் செய்தான். டயருக்குக் காற்றடித்தான். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது வெள்ளை மண் கொட்டியது.

"நீ தமாலே விக்கிறியா, கெணறு வெட்டுறியா?"

சிரித்துவிட்டு வந்தேன். மைலேஜ் ஏறவில்லை. மறுபடி போனேன். இந்தமுறை வண்டிக்கு அடியில் புகுந்தவன் வெளியே வந்து வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டி மேல குத்தமில்லக்கா. சுத்தி எல்லாம் எண்ணெப் பிசுக்கு, மீட்டர் கேபிள் நட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. யாரோ கழட்டிக் கழட்டி மாட்டுறாங்க. வண்டி அதிகமா குடிக்கல. அதிகமா ஓடுது. ஓடினது மீட்டர்ல ஏறல."

யாரோ என்ன யாரோ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறான் எலிசேயோ. மகனைத் தேட பெட்ரோல் இல்லை, எவளையோ தேடிப் போக இருக்கிறது! வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்தேன். ஒரு கொண்டை ஊசி கிடைத்தால் போதும், அவன் முகத்திலேயே எறிய வேண்டும்.

ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு சாக்கு இருந்தது. அதற்குள் என் கம்பி. பிடியில் ராமிரோவின் பள்ளிச் சட்டைத் துணி, நான் சுற்றிய அதே சுற்று. நுனியில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வெறும் மண். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிறு விடியலில் எலிசேயோ வண்டிக் கதவைத் திறந்தபோது, மடியில் சாப்பாட்டு மூட்டையும் காலடியில் மண்வெட்டியுமாக நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"சேவல் சண்டைக்கு. நானும் பாத்து நாளாச்சு."

மண்வெட்டியைப் பார்த்தான். சாவி அவன் கையிலேயே நின்றது.

"போன்ல அவனுங்க உன் பேரத்தான் சொன்னானுங்க தெல்ஃபினா. என் பேரச் சொல்லல."

"யோவ், ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா எந்தப் பக்கம் வந்து தேடியிருப்பேன்? அதுகூடத் தெரியாம ஆக்கி வச்சிருந்தியேய்யா."

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டியை எடுத்தான். ஊர் எல்லை தாண்டியதும் பழக்கம்போல ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாத. எவ்வளவு தூரம் தேடினோம்னு ஏறட்டும்."