கிருஷ்ணம்மாள் தொடாத காபி

காபியை நிறுத்து என்று சொல்ல ஒரு டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரியலூர் கடைவீதி டாக்டர் கிருஷ்ணம்மாளின் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டார். அவளுக்கு மறைத்துப் பேச வராது. உள்ளபடி சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காபியில் கஃபீன் என்று ஒன்று இருக்கிறதாம், அதுதான் நெஞ்சை இப்படிப் படபடவென்று அடிக்க வைக்கிறதாம், டீயிலும் அது உண்டாம், இரண்டையும் இன்றோடு தலைமுழுக வேண்டுமாம். சொல்லி முடித்த கையோடு மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்த தன் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாய்க்காகவே அவரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? முதலில் மண்டை பிளக்கிற தலைவலி. அது ஓய்வதற்குள் ஊர்ப்பட்ட யோசனைகள். எதிர்வீட்டு ஜெயலட்சுமி சுக்குமல்லி போட்டுக் கொடுத்தாள். நல்ல பண்டம்தான், சளி பிடித்தவர்களுக்கு. கேழ்வரகை வறுத்துப் பொடித்துக் குடித்தால் காபியேதான் என்று இன்னொருத்தி சத்தியம் பண்ணினாள். குடித்துப் பார்த்தால் தீய்ந்த கூழ். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த கொழுந்தன் மகன் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஊரில் காபிக்கொட்டையிலிருந்து கஃபீனை மட்டும் தனியாக எடுத்துவிடுகிறார்களாம், மிச்சமெல்லாம் அப்படியே இருக்குமாம். கிருஷ்ணம்மாள் ஆசை ஆசையாகப் பாலைக் காய்ச்சி ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். காபிப் பாத்திரம் கழுவின தண்ணீருக்குக்கூட அதைவிட ருசி இருக்கும். கஃபீனை எடுத்த கையோடு காபியையும் எடுத்துவிட்டான்கள் போலிருக்கிறது என்று டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

அவள் புருஷன் ஆண்டவருக்குச் சிமெண்ட் ஃபாக்டரி ஸ்டோரில் வேலை. நல்ல மனுஷர். ஆனால் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சர்ர்ரென்று உறிஞ்சிக் குடிப்பார். சத்தம் போடாமலாவது குடித்துத் தொலைக்கக் கூடாதா என்று அவள் கேட்டால், சத்தம் இல்லாமல் குடித்தால் காபி மாதிரியே இல்லையே என்பார். இப்படிப்பட்டவரோடு எதைப் பேச?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பழனிவேலின் கல்யாணப் பேச்சு வந்தது. ஒரே பிள்ளை. உடையார்பாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வயதாகியும் காட்டின பெண்ணையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக் கழித்துவிட்டு, திடீரென்று ஒருநாள் அதே ஊர் முந்திரி வியாபாரி வைத்திலிங்கத்தின் மகள் கமலவேணியைக் கேளுங்கள் என்றான். கேட்டதோடு விட்டானா? இந்தப் பெண் இல்லையென்றால் இனிமேல் தன்னிடம் கல்யாணப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன். கிருஷ்ணம்மாளுக்கு அன்றிலிருந்து இந்தச் சம்பந்தம் முடிய வேண்டுமே என்பதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

பெண் பார்க்கப் புறப்படும்போதே அவள் புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவர்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண் வீட்டில் பையனைப் பெற்றவள் வாய் நனைத்தால் சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வைத்ததைத் தொடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒருத்தரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், டம்ளரைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அதனால் காபி வருவதற்கு முன்னாலேயே டாக்டர் சொன்னதைப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லி, ஒரு டம்ளர் மோராவது வாங்கிக் கொடுங்கள் என்றாள். ஆண்டவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

வைத்திலிங்கம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். ஜில்லாவில் எங்கே குடித்தாலும் தன் வீட்டுக் காபிக்கு ஈடு கிடையாதாம். பெண்சாதி போனபிறகு மகள் கைக் காபியில்தான் தன் உயிரே ஓடுகிறதாம். அதற்கு ஏற்றாற்போல உள்ளேயிருந்து கொட்டை வறுக்கிற வாசனை வந்து கிருஷ்ணம்மாளின் மூக்கைப் பிடித்து இழுத்தது. கமலவேணி தட்டோடு வந்தாள், குனிந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். நுரை ததும்புகிற டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கிருஷ்ணம்மாள் புருஷனைப் பார்த்தாள். ஆண்டவர் கூரையைப் பார்த்தார். எப்படியும் முன்னாலேயே சொல்லியிருப்பார், எல்லோரும் இருக்கிறார்களே என்று பேசாமல் இருக்கிறார் என்று அவளும் நம்பி, டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். எழுந்து வரும்போது வைத்திலிங்கத்தின் முகம் செத்துப் போயிருந்தது. வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளே தரகர் ராசாங்கம் வந்து, அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள் என்றார். சிறுவாச்சூர் பக்கத்து மாப்பிள்ளையாம், வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்களாம். எங்கள் வீட்டில் வாய் நனைக்கப் பிடிக்காதவர்களுக்கு எங்கள் பெண் எதற்கு என்று கேட்டாராம் வைத்திலிங்கம். கிருஷ்ணம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். ஆண்டவர் மெல்ல மெல்ல விஷயத்தைக் கக்கினார். மாமியாருக்கு நெஞ்சுக்கோளாறு என்று பெண் வீட்டில் போய்ச் சொன்னால், கட்டிக்கொண்டு வந்து நோயாளிக்கு வேலை செய்ய வேண்டும் என்று பயந்துவிடுவார்களே, அதனால் சொல்லவில்லையாம். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படபடப்பு தானாகவே வந்தது, அதற்குக் காபியே தேவைப்படவில்லை. பழனிவேல் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவளே பஸ் ஏறினாள். புருஷனைக் கூப்பிடவில்லை. அவர் வந்தால் மறுபடியும் கூரையைப் பார்ப்பார்.

வைத்திலிங்கம் வாசலில் முந்திரி மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்றார், அவ்வளவுதான், அதற்குமேல் முகம் கொடுக்கவில்லை. கிருஷ்ணம்மாள் நின்ற வாக்கிலேயே டாக்டர் சொன்னது, தலைவலி, புருஷன் வாய்மூடி இருந்தது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்கம்மா. காபி மேல ஏன் பழியப் போடறீங்க? எனக்குந்தான் ஒரு டாக்டர் சொன்னான், காபிய வுட்டுடுன்னு. போடா உன் வேலையப் பாருன்னுட்டு வந்துட்டேன். மூணு வருஷமா அதேதான் குடிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கேன். காபியால எவனுக்காவது நெஞ்சு நின்னு போச்சுன்னு எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

கிருஷ்ணம்மாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இப்போது இவர் வீட்டில் காபியைக் குடித்தால் டாக்டர் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். குடிக்காமல் போனால் இரண்டாவது தடவையும் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அடி. இதற்கு அந்தச் சனியன் பிடித்த கஃபீனைக் குடித்துவிட்டு அன்றைக்கே படுத்திருக்கலாம் என்று வெறுத்துப்போய் நின்றாள்.

அப்போது கதவருகில் கமலவேணி வந்து நின்றாள். அத்தைக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்து அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அடுப்படியில் உட்கார வைத்து, பாலை ஆற்றி, ஒரு டம்ளரை நீட்டினாள். காபி. கிருஷ்ணம்மாளுக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. வாசலில் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் இந்தப் பெண் காதில் விழவில்லையா?

"குடிங்கத்தை, ஒண்ணும் ஆவாது. அதுல காபியே இல்ல," என்றாள் கமலவேணி, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

கிருஷ்ணம்மாள் நம்பாமல் ஒரு மிடறு குடித்தாள். கசப்பு இருந்தது. கசப்புக்குப் பின்னால் வருகிற அந்த லேசான இனிப்பு இருந்தது. தொண்டைக்குள் இறங்கும்போது ஒரு கனம் இருக்குமே, அது இருந்தது. இன்னொரு மிடறு குடித்தாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது டாக்டர் காபி கூடவே கூடாது என்றிருக்கிறார். அப்பா கேட்கிற ஆளா? காபி கொடுக்காவிட்டால் சோறே வேண்டாம் என்று முரண்டு பிடித்திருக்கிறார். அதனால் இவள் வாரா வாரம் காபித்தூளில் ஒரு ஸ்பூனைக் குறைத்து அதற்குப் பதில் சிக்கரியைக் கூட்டியிருக்கிறாள். சிக்கரி மட்டும் போட்டால் வெறும் கசப்பு. பேரீச்சங்கொட்டையைக் கருக வறுத்து, இடித்து, மிஷினில் கொடுத்து அரைத்துக் கலந்தபிறகுதான் சரியாக வந்ததாம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதில் அவர் நாக்குக்குத் தெரியவே இல்லை. வீட்டில் வாசனை வர வேண்டுமே என்று நாலு காபிக்கொட்டையைச் சட்டியில் வறுத்துவிட்டுக் கொல்லையில் கொட்டிவிடுவாளாம். மூன்று வருஷமாக வைத்திலிங்கம் ஜில்லா முழுக்கப் பெருமை அடிக்கிற காபி இதுதான்.

"அன்னைக்கு உங்களுக்குக் குடுத்ததும் இதாங்கத்தை. நீங்க ஏன் குடிக்கலன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. என்னைத்தான் புடிக்கலையோன்னு நெனச்சிக்கிட்டேன்," என்றாள்.

கிருஷ்ணம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நீ இந்த வீட்டைவிட்டு வந்தால் உன் அப்பாவுக்கு யார் போடுவார்கள் என்று கேட்டாள். மாசா மாசம் பொடியை அரைத்து, திருச்சியில் வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தனுப்புவேனே என்றாள் பெண். அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள். பழனிவேல் சும்மா ஒன்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

பேச்சு முடிவதற்குள் வைத்திலிங்கம் உள்ளே வந்துவிட்டார். காலி டம்ளரைப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த நுரையையும் பார்த்தார்.

"இதென்னம்மா, டாக்டர் வேணாம்னாரு, நெஞ்சு படபடங்குதுன்னீங்க? இப்ப சொட்டு இல்லாம குடிச்சிருக்கீங்க?"

கிருஷ்ணம்மாளுக்கு வாய் துறுதுறுவென்றது. ஒரே வார்த்தை போதும். நீர் குடிக்கிறது காபியே இல்லை ஐயா, பேரீச்சங்கொட்டை என்று சொல்லிவிட்டால் அவள் சொன்னது நிஜமாகிவிடும், வாசலில் பேசின பேச்சுக்கெல்லாம் அவர் நாக்கைக் கடித்துக்கொள்வார். அதோடு நாளைக் காலையிலேயே டவுனுக்குப் போய் அசல் காபித்தூளை வாங்கிவந்து மகள் முன்னால் நீட்டுவார். கமலவேணி அப்பாவைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கீக்டர்லாம் பொய்ங்கண்ணே," என்றாள் கிருஷ்ணம்மாள். "பையனப் பெத்தவங்கற திமிரு. அதான் அன்னைக்குத் தொடல. தப்புதான், மனசுல வச்சிக்காதீங்க."

தப்பு என்ற வார்த்தையை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது செய்யாத தப்புக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டது.

வைத்திலிங்கம், தன் திமிரைத் தானே ஒத்துக்கொள்கிற சம்பந்தியம்மாவை இந்தத் தாலுகாவில் பார்த்ததில்லை என்றும், அந்தக் காபியைக் குடித்தபிறகு எப்பேர்ப்பட்ட திமிரும் இறங்கித்தானே ஆக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சிறுவாச்சூருக்குச் சொல்லி அனுப்ப வாசலுக்குப் போனார். இனி கல்யாணத்திலும் வளைகாப்பிலும் பேரன் பேத்தி காதுகுத்திலும் இந்தக் கதையை இவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார், அவளும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கிருஷ்ணம்மாளுக்கு அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

"இப்ப எதுக்கு அழுவுற? இன்னொரு டம்ளர் போடு. சர்க்கரைய மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடு."