வாய் திறக்கும் இடம்

அந்த அமெரிக்க நடிகை இத்தாலியத் திரையில் வாய் திறந்தால் வருவது ஓர்னெல்லாவின் குரல்தான். இருபது வருடமாக அப்படித்தான். புதுப்படத்தின் டப்பிங்குக்கு இளையவள் விவியானாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நடிகைக்கு வயது ஏறலாம், குரலுக்கு ஏறக் கூடாதாம். இயக்குநர் ஃபுல்வியோ ஒரு சமாதானம் சொல்லியிருந்தார்: மதியச் சாப்பாட்டுக்குள் நீதிமன்றக் காட்சியில் நடிகையின் வாயசைவுக்குக் குரல் பொருந்திவிட்டால் படம் விவியானாவுக்கு, இல்லாவிட்டால் பழையபடி ஓர்னெல்லாவுக்கு.

ஓர்னெல்லாவுக்கு அன்று ஒரு கன்னியாஸ்திரீயின் நான்கே வரிகள். பேசி முடித்துவிட்டுக் கீழே காப்பி குடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. இருட்டில், பின்வரிசையில் வயிறெரிய உட்கார்ந்திருந்தாள்.

விவியானா எல்லாவற்றையும் ஊதித் தள்ளினாள், காட்சியின் கடைசிச் சொல் ஒன்றைத் தவிர. ‘திமெந்திகனோ’, அதாவது ‘மறக்கிறார்கள்’. அதில் அழுத்தம் இரண்டாவது அசையிலேயே விழுந்துவிடும். மிச்சமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். திரையில் நடிகையோ கடைசியில்தான் வாயை ஆவென்று திறந்தாள். வாய்க்குப் பொருத்த வேண்டுமே என்று விவியானா அழுத்தத்தை இழுத்துக்கொண்டு போய் ‘க’வில் வைத்து, ‘கா’ என்று நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரோமில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட அப்படிச் சொல்லாது.

ஓர்னெல்லாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மருந்து அவளிடம் இருந்தது. ‘மறப்பார்கள்’ என்று மாற்றினால் போதும், அழுத்தம் தானாகப் பின்னால் போய்விடும். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விவியானா திரும்பினாள். “நீங்களா இருந்தா இதை எப்படிக்கா சமாளிப்பீங்க?”

அந்த ‘அக்கா’ சுருக்கென்று தைத்தது.

“நானா இருந்தா இவ்வளவு நேரம் திண்டாடமாட்டேன்.”

“அப்ப வந்து சொல்லிக் காட்டேன்,” என்றார் ஃபுல்வியோ.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் படம் மடியில் வந்து விழுந்திருக்கும். வீம்பு யாரை விட்டது? ஓர்னெல்லா விறுவிறுவென்று போய் ஒலிவாங்கி முன் நின்றாள். “திமெந்திகெரான்னோ.” மறப்பார்கள். ‘ரா’வும் நடிகையின் வாயும் ஒன்றாகத் திறந்தன. ஒலிப்பதிவாளர் கைதட்டினார். அந்த ஒரு நொடி அவள்தான் ராணி.

“பிரமாதம்,” என்ற ஃபுல்வியோ, வசனத் தாளில் அந்தச் சொல்லைத் திருத்தினார். “விவியானா, கேட்டுக்கிட்டல்ல? அப்படியே சொல்லு.”

விவியானா ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

சரிபார்க்கக் காட்சியை மறுபடி ஓட்டினார்கள். நடிகை வாய் திறந்தாள். அதிலிருந்து விவியானாவின் குரல் வந்தது, ஓர்னெல்லா கொடுத்த சொல்லோடு.