தனசிங் அங்கிளின் வாழைத்தார்

தனசிங் அங்கிளின் வாழைத்தாரை இரண்டு பேர் சுமந்து வந்து ஷாமியானாவுக்குக் கீழே கிடந்த மேஜையில் வைத்தார்கள். மேஜை ஒரு பக்கம் சாய, யாரோ ஓடிப்போய் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினார். வெஸ்லி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அறுப்பின் பண்டிகை ஏலத்தை எங்கள் சபையில் வருஷா வருஷம் அவர்தான் விடுவார். நாச்சாரம் ஃபேக்டரியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், செகந்திராபாத் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

சபையார் வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுவருவார்கள். முறுக்கு, கேக், முட்டை, கால் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு முட்டைக்கோஸ் ஐந்நூறு ரூபாய்க்குப் போனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் காசு சபையில் இல்லாதப்பட்ட பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்கு. அந்த ஃபண்டுக்கு செக்ரட்டரி தனசிங் அங்கிள். முதல் பொருளாக அவர் மாரேட்பள்ளி வீட்டுத் தோட்டத்து வாழைத்தார்தான் வர வேண்டும். அதை அவரேதான் எடுக்கவும் வேண்டும். அவர் ஐயாயிரம் என்றதும் சபை கைதட்டும், பாஸ்டருக்கு ஒரு சீப்பு போகும், மிச்சத்தை டிரைவர் காரில் ஏற்றுவான். அவருக்கு மேலே ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. நாளைக்கு யார் பிள்ளைக்கு ஃபீஸ் தேவைப்படுமோ!

நானும் அந்த ஃபண்டில் படித்தவள்தான். நாலு வருஷம் பி.ஃபார்ம். இன்றைக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் ஷிப்ட் பார்க்கிறேன் என்றால் அந்தக் காசால்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சபையார் போட்ட காசு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான் தனசிங் அங்கிளின் தர்மம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மகனுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித்தர என்று ஆரம்பித்தது. பிறகு துணி மடிக்க, விருந்து நாளில் வெங்காயம் உரிக்க. விருந்தாளிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இது நம்ம ஃபண்டு பிள்ளை" என்பார். அவர்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். நான் சிரிக்க வேண்டும்.

இரண்டாம் வருஷம் பிராக்டிகல் வந்ததால் ஒரு சனிக்கிழமை போகவில்லை. அந்த செமஸ்டர் செக் வரவில்லை. ஹால் டிக்கெட் கொடுக்க மாட்டோம் என்றது காலேஜ். அப்பா இல்லாத வீடு, அம்மா ஒரு ஸ்கூலில் ஆயா. அம்மாதான் போனாள். அங்கிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கிறாள். பிறகு வந்து, "பிள்ளைக்கு நன்றி உணர்ச்சி வேணும்லா?" என்றாராம். அம்மா யாரும் சொல்லாமலே சமையலறைக்குள் போய், அவர்கள் சாப்பிட்ட பாத்திரம் அத்தனையும் கழுவி வைத்துவிட்டு செக்கை வாங்கி வந்தாள். என் கையில் அவள் கொடுத்தபோது அந்தக் காகிதத்தில் விம் சோப்பு வாசனை வந்தது. அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை. பழி வாங்குவதை ஆண்டவரிடம் விட்டுவிடு என்று அம்மா சொல்வாள். விட்டுத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் ஆண்டவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

இந்த வருஷம் என் தங்கை பியூலாவுக்கு பி.எஸ்ஸி. நர்ஸிங் மேனேஜ்மென்ட் சீட் கிடைத்தது. அரசாங்கம் ஃபீஸ் கட்டும் கன்வீனர் சீட்டுக்கு அவள் ரேங்க் எட்டவில்லை. மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் கிடையாது என்று பேங்க் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். என் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்தேன். அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள், அதில் நல்ல நஷ்டம். ஆக எண்பதாயிரம், முதல் வருஷ ஃபீஸ். காலேஜில் காசாகத்தான் வாங்குவார்களாம். திங்கட்கிழமை காலையில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு. பூட்டு சரியில்லாத வாடகை வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லாமல் ஹேண்ட்பேக்கில் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

போன வாரம் அங்கிள் அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். பியூலாவுக்கும் ஃபண்டில் செய்யலாம், சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் போதும், அவர் வீட்டு ஆன்ட்டிக்கு முழங்கால் வலி என்று. நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று அம்மாவைச் சொல்லவைத்தேன். அதற்கு அவர், "வளந்துட்டாவ" என்றாராம்.

"ஐயாயிரம்!" வெஸ்லி அண்ணன் முழங்கினார். "செக்ரட்டரி ஐயா ஐயாயிரம்! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

கைதட்ட ஆட்கள் தயாராக இருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டம் போட்டு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஆறாயிரம்."

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் கிறீச்சிட்டுத் திரும்பின. முன்வரிசையிலிருந்து தனசிங் அங்கிளும் திரும்பிப் பார்த்தார். "யாரு, நம்ம ஃபண்டு பிள்ளையா? நல்லது, நல்லது. ஏழு."

அந்த 'ஃபண்டு பிள்ளை'யை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. "பத்து" என்றேன்.

பதினைந்து என்றார். இருபது என்றேன். அவருடைய சொந்தக் காசு அவர் பையை விட்டு வெளியே வர வேண்டும், அதுவும் எந்த ஃபண்டைத் தன் அப்பன் வீட்டுச் சொத்துபோல் அளந்து கொடுத்தாரோ அதே ஃபண்டுக்குள் விழ வேண்டும். எனக்கு அது போதும். கௌரவம் பார்க்கிற ஆள், சபைக்கு முன்னால் என்னிடம் தோற்க மாட்டார் என்ற நம்பிக்கை.

"ஏட்டி, என்ன பண்ணுத நீ? வாயை மூடிட்டு இரிட்டி" என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

இந்தப் பக்கம் பியூலா பேக்கைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நக்கோ, வேண்டாம். அது என் ஃபீஸ்."

"அவர் விட மாட்டார்டி" என்றேன். "முப்பது!"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஷாமியானாவின் ஓட்டைகளை எண்ணுவதுபோல் மேலே பார்த்தார். வெஸ்லி அண்ணன் ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்று இழுத்தார். நான் பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சீட்டு எடுத்த விஷயத்தை அம்மா அவரிடம் உளறியிருந்தாள், என் மடியில் இருப்பது என்ன காசு என்று அவருக்குத் தெரியும். அவர் விட்டுவிட்டால் ஃபீஸில் துண்டு விழும், நாளைக்கு மறுபடி அதே கேட், அதே வெயில். என்னை நன்றாக வேகவிட்டு, கடைசி மூச்சில் "முப்பத்தஞ்சு" என்றார்.

புத்தியுள்ளவள் அங்கே நிறுத்தியிருப்பாள். முப்பத்தைந்தாயிரம் ஒரு வாழைத்தாருக்கு, யாருக்குப் போதாது? எனக்குப் போதவில்லை. விம் சோப்பு வாசனை மூக்கிலேயே இருந்தது. "நாற்பது" என்றேன்.

அங்கிள் எழுந்தார். நிதானமாக நடந்துபோய் வெஸ்லி அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். நாப்பத்தஞ்சாயிரம் என் கணக்கு. போட்டிக்குக் கேக்கல, ஆண்டவருடைய காரியம். இப்ப ஒண்ணு சொல்லுதேன். இந்தத் தாருமேல எவ்வளவு காசு விழுந்தாலும் சரி, யாரு எடுத்தாலும் சரி, அது அப்படியே நம்ம பெர்சிஸ் தங்கச்சி பியூலா படிப்புக்கு. பாஸ்டர் ஐயா முன்னால சொல்லுதேன்."

"ஆமென்" என்றார் பாஸ்டர். சபை தட்டிய தட்டில் கால் கட்டிய கோழிகூட கொக்கரித்தது. இரண்டு ஆன்ட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்டப் போன கத்தியைப் பிடுங்கி அதிலேயே ஆப்பிள் நறுக்கி எனக்கு ஊட்டிவிடுகிறார் மனுஷர். இனி நான் ஏற்றிக் கேட்டால் தங்கைக்கு வரும் உதவியைக் கெடுத்த பொறாமைக்காரி. கேட்காவிட்டால் அவள் ஃபண்டு பிள்ளை. எனக்கு முடிந்துபோன சனிக்கிழமைகள் அவளுக்கு ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் போனாலும் அவர் வீட்டு வாசல்தான். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பியூலா, எந்திரிம்மா" என்றார் மைக்கில். "சபையார் உன்னைப் பாக்கட்டும்."

பியூலா எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், நன்றி சொல்லப்போகிறாள் என்று.

"எய்ட்டி தௌசண்ட்" என்றாள்.

வெஸ்லி அண்ணன் காதில் கையை வைத்தார். "என்னம்மா சொன்ன?"

"எண்பதாயிரம் அண்ணா. இந்தத் தாருக்கு."

அம்மா, "ஐயோ ஆண்டவரே" என்றாள். நான் பியூலாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "பைத்தியமாடி உனக்கு? அவ்வளவும் போயிடும்."

என் மடியிலிருந்த பேக்கை எடுப்பதற்குக் குனிந்தவள் காதருகே சொன்னாள். "எங்க போகும் அக்கா? யாரு எடுத்தாலும் காசு எனக்குன்னு அவரே சொல்லிட்டாரு, பாஸ்டர் ஆமென்னும் சொல்லிட்டாரு. நம்ம காசு நம்மகிட்டயே வரும். வாழைப்பழம் ஃப்ரீ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இப்போது விட்டுவிட்டால் நாங்கள் கட்டுகிற எண்பதாயிரமும் எங்களுக்கே திரும்பும். வருஷா வருஷம் அவர் காரில் ஏறுகிற தார் எங்கள் தோளில் ஏறும், பியூலா படிப்பதும் எங்கள் காசில்தான். விட மனசில்லாமல் தொண்ணூறு என்றால் இவள் லட்சம் என்பாள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வாள், இவளுக்கென்ன? கடைசியில் அவர் ஜெயித்தால் அந்தக் காசு தர்மமாக இருக்காது. அம்மா கழுவின பாத்திரத்துக்குக் கூலி, நான் உரித்த வெங்காயத்துக்குக் கூலி, வட்டியோடு. என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷம் நான் பட்டதில்லை. அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பின்வரிசையில் ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஜேம்ஸ் அங்கிளுக்கு முதலில் புரிந்துவிட்டது. அவர் க்ளுக்கென்று சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம் குசுகுசுத்தார். அவர் தன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. பாஸ்டர் வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அம்மா மட்டும் ஒன்றும் விளங்காமல் என்னையும் பியூலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பியூலா பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"எண்பதாயிரம்!" மைக் இல்லாமலே வெஸ்லி அண்ணன் குரல் தெருவரை போனது. அவர் உதடும் துடித்தது. "பியூலா எண்பதாயிரம்! ஒரு தரம்..."

தனசிங் அங்கிளின் வலது கை மேலே எழுந்தது. அவர் வீட்டு ஆன்ட்டி முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையிலிருந்து ஓடிவந்து முழங்கையைப் பிடித்து இழுத்தார். கை பாதி வழியில் நின்றது.

"ரெண்டு தரம்..."

மைக் இன்னும் அவருடைய இடது கையில், வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அவர் மூச்சு வாங்குவது மட்டும் சபை முழுவதற்கும் கேட்டது.