ஓரத்துக் கட்டத்தில் கமலா

வெட்டு ஒட்டு இல்லாமல் முப்பது நிமிடம். முகம் தெரிய வேண்டும், இரண்டு கையும் தெரிய வேண்டும், திரையில் லாரி ஓடுவது தெரிய வேண்டும், குரலும் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே வீடியோவில். பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

கமலா அந்தச் செய்தியை ஏழாவது தடவையாகப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். மணி ஒன்பதரை.

சங்கம் என்றால் கொடி கட்டி, ரசீது புத்தகம் அடிக்கிற சங்கம் இல்லை. கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுகிற அறுபது எழுபது பேர் கூடி வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருபது வண்டிகள் வரிசையாக, முழுச் சுமையோடு, ஒரு மலைப்பாதையில் ஏறி இறங்கும். முன்வண்டி யாருக்கு என்பதில்தான் அத்தனை பேருக்கும் கண். கமலா நாற்பத்தொரு நடை ஓட்டியிருந்தாள். நாற்பத்தொன்றிலும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மற்றவர்களில் எவனும் தொடர்ந்து பத்து நடை கீறல் இல்லாமல் ஓட்டியதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே வருகிற ஞாயிறு முன்வண்டி அவளுக்கு என்று முடிவானது. முடிவான அன்றைக்கே சிலருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

தமிழ்வேந்தன் என்று ஒருத்தன். அவன்தான் குழுவில் எழுதினான்: "ஐடி பேரு இளவரசன். பேசறது அம்மா, ஓட்டறது புள்ள. நாம எல்லாம் காதுல பூ வச்சிக்கினு இருக்கோம்." அதன் கீழே முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். கமலா அந்த முப்பதையும் எண்ணினாள்.

விளையாட்டுக் கணக்கின் ஐடி மகன் பெயரில் இருந்தது உண்மைதான். சென்னையில் வேலை கிடைத்துப் புது லேப்டாப் வாங்கியதும், பழையதை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான் இளவரசன். அதில் இந்த விளையாட்டும் அவன் பெயரும் அப்படியே கிடந்தன. கமலா ஒருநாள் சும்மா திறந்து பார்த்தாள். கச்சிராயபாளையத்தை ஒட்டி அவர்களுக்கு மூன்று ஏக்கர் கரும்பு. கணவர் பூமாலைக்குக் கால் முறிந்ததிலிருந்து நான்கு வருடமாக டிராக்டரை எடுப்பது அவள்தான். கரும்பு ஏற்றிய ட்ரெய்லர் வளைவில் பின்னாலிருந்து எப்படித் தள்ளும், எந்த இடத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவள் உடம்புக்குத் தெரியும். அது அந்த முப்பது பொம்மைகளுக்குத் தெரியாது.

சங்கத்தை நடத்துகிற சிவசங்கர் சேலத்துக்காரர், மரியாதையான மனிதர். "அக்கா, நான் நம்பறேன். ஆனா நான் நம்பினா மட்டும் போதாதுங்களே" என்று சொல்லித்தான் இந்த நிபந்தனைகளை அனுப்பியிருந்தார். கடைசி நிபந்தனை இன்னும் பொல்லாதது. வெளியிலிருந்து வேறு யாரும் கம்ப்யூட்டரை இயக்கும் செயலி எதுவும் திறந்திருக்கக் கூடாது. அப்படியென்றால் மகன் சென்னையிலிருந்தபடியே எல்லாவற்றையும் சரிசெய்து தரும் வழியும் அடைபட்டது.

லேப்டாப்பில் உள்ள கேமரா எப்போதோ செத்துப்போனது. அதனால் போனைக் கேபிளில் செருகி, அதையே கேமராவாக்கினாள். போனை நிறுத்தி வைக்கக் கோதுமை மாவு டப்பா. ஆடாமலிருக்கத் தலைமுடி ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று. மேசையின் இடது பக்கத்தில், முகமும் கீபோர்டும் சேர்ந்து விழுகிற மாதிரி சாய்த்து வைத்தாள். இன்டர்நெட்டும் அதே போனிலிருந்து, அதே கேபிள் வழியாக. ஒரே போனை நம்பி மானமே நின்றுகொண்டிருந்தது.

நேற்றே இறக்கி வைத்திருந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தாள். திரையின் வலது கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் அவள் முகம். நெற்றிப் பொட்டு கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் லாரி ஓட வேண்டிய மீதித் திரை முழுக்க இருட்டு. விளையாட்டை மூடித் திறந்தாள். இருட்டு. சாஃப்ட்வேரை மூடித் திறந்தாள். முகம் வந்தது, லாரி வரவில்லை.

மகனுக்குப் போன் போட்டாள். பேச ஆரம்பித்ததும் ஓரத்துக் கட்டத்திலிருந்த அவள் முகம் அப்படியே உறைந்து நின்றது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"முகம் வருது, வண்டி வரல. ஒரே கருப்பா கீது."

"அந்த லேப்டாப்ல கிராபிக்ஸ் சிப்பு ரெண்டு இருக்குதும்மா. கேம் ஒண்ணுல ஓடும், ரெக்கார்டிங் இன்னொண்ணுல ஓடும். ரெண்டையும் ஒரே சிப்புல போடணும். நானே உள்ள வந்து பண்ணிடட்டுமா?"

"வேணாம். நீ உள்ள வந்தா நீதான் ஓட்னன்னு சொல்லுவாங்க. வாயால சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டே போனாள். ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. மாற்றியும் கருப்புதான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டும் என்றான். அது அணைந்து எழுந்து வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. ஆனால் லாரி வந்தது. ஓரத்தில் முகமும் வந்தது. கமலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்து, பிறகு வேண்டாமென்று போனது.

ஒரு நிமிடம் பதிந்து பார்த்தாள். லாரி ஓடியது, கை அசைந்தது, வாயும் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. மறுபடியும் மகனைக் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை அவனுக்கு வேலை நேரம். குரலில் அவசரம். "யம்மா, இது ஒண்ணு போனா ஒண்ணு வந்துக்கினே இருக்கும். நான் ஒண்ணு சொல்றேன். நீ சும்மா கேமரா முன்னாடி உக்காந்து கீபோர்ட தட்டிக்கினு இரு. அதை மட்டும் அனுப்பு. மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் வண்டிய ஓட்டி, உன் முகத்த ஓரத்துல ஒட்டிக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. கொஞ்சம் லேட்டானாலும் நான் பேசிக்கிறேன்."

கமலா ஓரத்தில் உறைந்து நின்ற தன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஓட்னா கீறல் வுழாதா?"

"அது... ரெண்டு மூணு தடவ ட்ரை பண்ணா..."

"நாப்பத்தோரு தடவயும் நான்தான் ஓட்னன்னு உனக்குத் தெரியாதா? இன்னா பேச்சு பேசற நீ?"

"இல்லம்மா, சீக்கிரம் முடியட்டும்னுதான்..."

"வை. பன்னெண்டு மணி வரைக்கும் எனக்குப் போன் பண்ணாத."

தமிழ்வேந்தன் எழுதியது கோபத்தைத்தான் கொடுத்தது. மகன் சொன்னது நெஞ்சில் தைத்தது. திருட்டுத்தனம் பண்ணச் சொல்கிறான், அதுவும் உதவி என்று நினைத்துக்கொண்டு. அம்மாவின் முகம் ஓரத்தில் ஒட்டுகிற படம்தான் என்று அவனுக்கும் தோன்றியிருக்கிறதே என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. அழ நேரமில்லை. மணி பத்து நாற்பது.

ஒலிக்கான பட்டியலை அவளே திறந்தாள். சாஃப்ட்வேர், எங்கோ இல்லாத ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு அது பேசுமென்று காத்திருந்தது. லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, "ஏய்" என்றாள். பச்சைக் கோடு துள்ளி ஏறியது. "வந்தியா" என்றாள். மறுபடியும் துள்ளியது.

அழைப்பு வந்தால் கேமரா நின்றுவிடும் என்பதை இரண்டு தடவை கண்ணால் பார்த்தாயிற்று. வயலில் இருந்த பூமாலைக்குப் போன் செய்து, பன்னிரண்டு மணி வரை கூப்பிட வேண்டாமென்றாள். வடக்கனந்தலில் இருக்கும் தங்கை கோகிலவாணி தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறவள். அவளுக்கும் சொன்னாள். அதற்கும் மேலாக, தெரியாத நம்பர் எதுவும் மணி அடிக்காதபடி போனை ஊமையாக்கினாள். பத்து ஐம்பத்தைந்துக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"என் பேரு கமலா. இது என் கை. இன்னைக்குத் தேதிய இதோ காட்றேன்" என்று தினசரி காலண்டர் தாளைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்த மலைப்பாதையை சங்கத்தில் யாரோ ஒருவன் வரைந்து விளையாட்டில் சேர்த்திருந்தான். கமலாவுக்கு அதில் ஏறும்போதெல்லாம் வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். இடது கை விரல்களில் வண்டியின் வேகமும் வளைவும் பிரேக்கும். வலது கையில் மவுஸ், அது பார்வையைத் திருப்புவதற்கு. முதல் ஆறு வளைவில் தோள் இறுகியே இருந்தது. ஏழாவதில் வண்டி அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. உச்சிக்குப் போய்த் திருப்பி இறக்கத்தில் விட்டபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. சேதம் என்கிற இடத்தில் பூஜ்யம். இறங்குவதுதான் கஷ்டம். சுமை பின்னாலிருந்து தள்ளும், கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

இருபத்து நான்காவது நிமிடம். இறக்கத்தில் உள்ளதிலேயே குறுகலான வளைவு. வலது பக்கம் பாறை, இடது பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர். கமலா வளைவுக்குள் நுழைந்தாள்.

போன் அடித்தது.

போன் திரையில் 'மோட்டார்' என்று வந்தது.

எல்லாருக்கும் சொன்னாள், மோட்டாருக்கு யார் சொல்வது? வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் இருக்கிறது. த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தால் அதுவே கமலாவின் நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லும். எடுக்காவிட்டால் மூன்று தடவை கூப்பிடும். ஒருமுறை அந்த அழைப்பைத் தவறவிட்டுத் தண்ணீர் பக்கத்து நிலத்துக்கு ஓடி வாய்ச்சண்டையானதிலிருந்து, எப்படி ஊமையாக்கினாலும் அந்த ஒரு நம்பர் மட்டும் அடிக்கும்படி இளவரசன் வைத்துக் கொடுத்திருந்தான். இந்த வாரம் கரண்ட் முறை மத்தியானம் இரண்டு மணிக்கு. அதனால் அவள் அதை நினைக்கவே இல்லை. கரண்ட் இன்றைக்கென்று முன்னாலேயே வந்துவிட்டது.

விட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், கேமரா எந்த நொடியும் உறைந்துவிடும், பிறகு இன்னும் இரண்டு தடவை கூப்பிடும். கமலாவின் இடது கை கீபோர்டை விட்டுப் போனை நோக்கி நீண்டது. வலது கை மவுஸை விட்டு இந்தப் பக்கம் தாவி பிரேக்கைத் தேடியது. அந்த ஒரு நொடியில் ட்ரெய்லர் வெளியே ஒதுங்கி, தடுப்புச் சுவரில் நீளமாக உரசியது.

"வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. உங்கள் மோட்டார் இயங்குகிறது" என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், நிதானமாக.

"ஓடு ஓடு, வாய மூடிக்கினு ஓடு" என்று கத்திவிட்டு, அழைப்பைத் துண்டித்து, போனில் கேமராவை மறுபடி ஓடவிட்டு, இடது கையைக் கீபோர்டுக்குக் கொண்டுவந்தாள். சேதம், இரண்டு சதவீதம். நாற்பத்திரண்டாவது நடையில் முதல் கீறல். அதுவும் எதில் தன் மானத்தைக் காட்ட வேண்டுமோ அதில். கண்ணில் தண்ணீர் தேங்கி ரோடு கலங்கியது. துடைக்கக் கை எடுக்க முடியாது, கையும் படத்தில் தெரிய வேண்டும். அப்படியே இறங்கினாள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது முப்பத்திரண்டு நிமிடம்.

பதிவை ஓட்டிப் பார்த்தாள். இருபத்து நான்காவது நிமிடத்தில் ஓரத்துக் கட்டத்தில் அவள் உள்ளங்கை பெரிதாக வந்து, அப்படியே பதினாறு நொடி உறைந்திருந்தது. மணி பதினொன்று முப்பத்தைந்து. இன்னொரு நடைக்கு நேரமில்லை. அந்தப் பதினாறு நொடியை வெட்டி எடுக்க மகனுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. கை போனை நோக்கிப் போனது, போய் நின்றது.

உள்ளதை உள்ளபடி ஏற்றினாள். ஏறுகிற சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுபதில் வெகுநேரம் நின்றது. தொண்ணூற்று நான்கில் மறுபடியும் நின்றது. பதினொன்று ஐம்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது.

வயலிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்த பூமாலை, "மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு, பாத்தியா? உனக்குப் போன் வரலியா?" என்றார்.

"வந்துது" என்றாள் கமலா. அவர் அதற்கு மேல் கேட்காமல் தட்டெடுத்துச் சோறு போட்டுக்கொண்டார், அவளுக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தார். அவள் தொடவில்லை.

ஒன்றேகாலுக்கு சிவசங்கரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அதைக் குழுவிலேயே, எல்லாரும் கேட்கும்படி போட்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேர் முழுசா பாத்தோம். நடுவுல பதினாறு செகண்ட் கேமரா நின்னு போச்சு. நிபந்தனைப்படி அது தப்புதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அக்கா கை கீபோர்ட விட்டு எழுந்த அதே செகண்ட்ல வண்டி சுவத்துல உரசுது. கை திரும்பி வந்ததும் வண்டி நேராகுது. புள்ள ஓட்டியிருந்தா அங்க ஏன் உரசணும்? நாப்பத்தோரு நடை கீறல் இல்லாம ஓட்டினதுக்கு சாட்சி கேட்டோம். அந்தக் கீறல்தாங்க சாட்சி. ஞாயித்துக்கிழமை முன்வண்டி அக்காதான். அன்னைக்கு மட்டும் மோட்டார ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க."

கீழே சிரிக்கிற பொம்மைகள் வந்து விழுந்தன. இந்தத் தடவை கமலா எண்ணவில்லை. தமிழ்வேந்தன் பெயரில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

தனியாக இளவரசனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'வீடியோ பாத்தேன்மா. அப்படி சொல்லியிருக்கக் கூடாது.' அவள் அதைப் படித்தாள். பதில் எழுதவில்லை. எழுதுவாள், பெற்ற பிள்ளைதானே. இப்போது வேறு வேலை இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து விளையாட்டின் கணக்குக்குள் போனாள். 'இளவரசன்' என்றிருந்த இடத்தில் கர்சரை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கட்டம் காலியானது. 'கமலா' என்று அடித்துச் சேமித்தாள். பிறகு ஆறிப்போன சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.