திங்கட்கிழமை ஜீப்

தொண்ணூற்றாறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும். அண்டா, குடம், பிரஷர் குக்கர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அக்கா வரிசையில் நிறுத்தியிருந்தாள். குழாய் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நூலாக ஒழுகியது.

"இன்னிக்கு மட்டும் உங்க அத்தான் ஜெயிச்சு வரட்டும். இந்த அண்டாவை எல்லாம் எடைக்குப் போட்டுடறேன்" என்றாள்.

தங்கை அடுத்த குடத்தைக் குழாயடிக்கு நகர்த்தினாள். அவள் பேசுவதே அபூர்வம். குடிநீர் வாரியத்தில் நீரளவுப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே எல்லோரும் அவளை சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தான் அதே வாரியத்தில் திட்டப் பொறியாளர்.

நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால், மலையடி ஆற்றிலிருந்து ராட்சதக் குழாய் போட்டு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது அத்தானின் திட்டம். நகரத்தின் ஓட்டைக் குழாய்களை மாற்றி, தூர்ந்துபோன ஏரியை ஆழப்படுத்துவது இன்னொரு திட்டம். இரண்டில் எது என்று இன்றைய கூட்டத்தில் முடிவாகிவிடும். ஓட்டையை அடைத்துவிட்டு அதற்கு எவனாவது ரிப்பன் வெட்டுவானா என்று அத்தான் அடிக்கடி கேலி செய்வார்.

ஆற்றை அளப்பது அவள் வேலை. வாரியத்துக்கு ஒரே ஜீப். மற்ற நாட்களில் மேலதிகாரிகளோடு சுற்றும். திங்கட்கிழமை மட்டும் அவர்கள் அலுவலகத்திலேயே இருப்பதால் அவள் பிரிவுக்குக் கிடைக்கும். அவளுக்கு முன்னால் இருந்தவருக்கும் அதே ஏற்பாடுதான். போன வாரம் ஜீப் படுத்துவிட்டது. வியாழக்கிழமை அவளாகவே பஸ் பிடித்துப் போனாள். கரையில் வெகுநேரம் நின்றாள். பிறகு மேலே ஏறி, அணைக்கட்டு மின்நிலையத்தின் வாசலில் இருந்த காவலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். திரும்பும்போது டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினாள்.

வந்ததும் அத்தானிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அம்மா போன பிறகு அவளுக்கு ஓர் அறை ஒதுக்கிக் கல்லூரிக்கு அனுப்பியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல்ல குழாய் வரட்டும். தண்ணிக்கு அப்புறம் ஏதாவது வழி பண்ணிக்கலாம்."

கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் தங்குவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார், குரலை உயர்த்தாமலே.

கூட்ட அறையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அத்தான் நன்றாகப் பேசினார். திரையில் படம் மாற்றுவது அவள் பொறுப்பு. ஆற்றின் நீர்மட்டம் நெட்டைக் கோடுகளாக வந்து நின்றபோது தலைகள் எல்லாம் ஆடின. அப்புறம் என்ன தயக்கம், கையைத் தூக்கிவிடலாமே என்றார் வாரியத் தலைவர்.

"அடுத்ததைப் போடும்மா" என்றார் அத்தான்.

அவள் போடவில்லை. எழுந்து நின்றாள்.

"உட்காரு. இது வீடு இல்ல."

"வீட்ல சொன்னேன் அத்தான். நீங்க கண்ணாடியைத் துடைச்சீங்க."

"சைலன்சர் கழண்டுடுச்சுடோய்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யாரம்மா நீங்கள் என்று தலைவர் கேட்டார். அந்த ஆற்றை அளக்கிறவள் என்றாள். இதைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார் அவர். பிறகு என்றால் எப்போது, குழாய் புதைத்த பிறகா என்று கேட்டாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் மிரட்டலை விடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவின் அண்டாக்கள் நினைவுக்கு வந்தன. காலையிலேயே துணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

திரையில் இருந்த கோடுகளைக் கையால் காட்டினாள்.

"இதெல்லாம் திங்கக்கிழமை சார். நாலு வருஷமா ஜீப் கிடைச்ச அந்த ஒரு நாள்தான் அளந்திருக்கோம். மேல இருக்கிற மின்நிலையம் வாரம் பூரா தண்ணியைத் தேக்கி வெச்சு, ஆலையெல்லாம் ஓட ஆரம்பிக்கிற திங்கக்கிழமை மட்டும்தான் திறக்குது. மத்த ஆறு நாளும் அந்த ஆத்துல தண்ணியே இல்ல."