அக்காவா, தங்கச்சியா

பவானியில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கினால், அதிலுள்ள கணக்குகளில் வரும் ஆட்கள் தேர்வு முடியும்வரை வாங்கியவர் வீட்டில் தங்கிக்கொள்வார்கள். அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டில் பாய் எத்தனை, தலையணை எத்தனை என்று பார்த்துக்கொண்டு போவது வழக்கம்.

நான் ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுத இருந்தேன். மற்றதெல்லாம் வரும், வயதுக் கணக்கு மட்டும் வரவே வராது. போன வருடம் அதனால்தான் கோட்டைவிட்டேன். இந்த வருடமும் போனால் என்னை நூல் மில்லில் சேர்த்துவிடுவதாக அத்தை சொல்லியிருந்தார்.

அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் புத்தகக் கடைக்குப் போனோம்.

"வீட்ல பாத்ரூம் எத்தனைங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுதானுங்க" என்றார் அப்பா.

அவர் தடித்த புத்தகங்களை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். எங்கள் எதிர்வீட்டில் அப்படி ஒன்றை வாங்கி, ரயில் கணக்குகளில் வந்த பயணிகளுக்காகக் கல்யாண மண்டபமே பிடிக்க வேண்டியதாயிற்று.

மிஞ்சியவை இரண்டு. ஒன்றில் ஆட்களே இல்லை; எக்ஸும் ஒய்யும்தான். "இதுக்குச் சோத்துச் செலவே இல்லீங்க" என்றார் கடைக்காரர். அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னொன்று மெல்லிய புத்தகம். அதில் ஒரு படகோட்டி, ஒரு மாம்பழ வியாபாரி, பிறகு ஒரு தாயும் மகளும். அம்மா அந்தக் கணக்கை நின்றபடியே படித்தார். 'இன்று தாயின் வயது மகள் ரம்யாவின் வயதைப் போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரு மடங்கு. எனில், தாயின் வயது என்ன?'

"பாவம், வயசே தெரியாம இருக்காங்க. இவங்களே வரட்டும்" என்றார் அம்மா.

அன்று மாலையே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். படகோட்டி துடுப்பை வாசலில் சாத்திவிட்டு, கூடுதுறைக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார். வியாபாரி ஒரு கூடை மாம்பழத்தை எங்களுக்கு நஷ்டத்துக்குக் கொடுத்தார். மகளின் பெயர் ரம்யா. தாய்க்குப் புத்தகத்தில் பெயர் இல்லை.

சிக்கல் அங்கேதான். வயது கண்டுபிடிக்கப்படாததால் அந்தம்மாவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாசலில் ஒரு வயதாகவும் அடுப்படியில் வேறொரு வயதாகவும் தெரிந்தார். அக்கா என்பதா, தங்கச்சி என்பதா? என் அம்மா இரண்டு நாள் "இங்க பாருங்க" என்றே சமாளித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"கண்ணு, சீக்கிரம் அந்தக் கணக்கைப் போடு. ஒரு வாய் காப்பிக்குக்கூட அவங்களைக் கூப்பிட முடியல."

போட்டேன். எழுபத்திரண்டு வந்தது. மறுநாள் காலையில் அந்தம்மா பாயிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். ரம்யாவுக்கு இருபத்து நாலு வயது. தாயின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவசரப்படாத சாமி. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது. நீ நிதானமாப் போடு, நான் இருந்துக்கறேன்" என்றார் அந்தம்மா. அதற்கு முன் கணக்கு விஷயத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

மறுபடி போட்டேன். இருமடங்காக்கும்போது அடைப்புக்குள் இருந்த பன்னிரண்டைப் பெருக்காமல் விட்டுவிட்டேன். விடை பூஜ்யம். தாயும் மகளும் அன்றுதான் பிறந்த குழந்தைகளாகிவிட்டார்கள். அம்மா இரண்டு சேலைகளில் தூளி கட்டினார். படகோட்டி ஒன்றை ஆட்ட, வியாபாரி இன்னொன்றை ஆட்டினார். இரண்டில் எது தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. எது அழுதாலும் பால் கொடுத்தோம்.

பயந்துபோய் மூன்றாவது முறை போட்டேன். மைனஸ் முப்பத்தாறு வந்தது. தூளிகள் இரண்டும் காலியாகத் தொங்கின. அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அம்மா இருவருக்கும் சோறு எடுத்து மூடி வைத்தார். எனக்கோ, தேர்வு கிடக்கட்டும், மில்லுக்கே போகிறேன், அவர்கள் வந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா துணி மடித்துக்கொண்டே, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, பேச்சுக் கொடுத்தார். "இன்னும் பன்னெண்டு வருஷத்துல உனக்கு முப்பது ஆயிரும். எனக்கு அம்பத்து மூணு. அப்ப நீதான் எனக்குச் சமைச்சுப் போடணும்."

நான் நோட்டை இழுத்தேன். தாய்க்குப் பன்னிரண்டு வருடத்தைக் கூட்டியிருந்தேன். மகளுக்குக் கூட்டவே இல்லை. அவளை அங்கேயே நிறுத்திவிட்டு, தாயை மட்டும் அனுப்பியிருக்கிறேன். மகளுக்கும் கூட்டினேன். பன்னிரண்டு; முப்பத்தாறு.

கொல்லைக் கதவு திறந்தது. ரம்யா இரட்டைச் சடையோடு முன்னால் வந்தாள். பின்னால் அந்தம்மா, கைகளை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"முப்பத்தாறா? நல்ல வயசா இருக்கே!" என்றார்.

"வா தங்கச்சி, சோறு ஆறுது" என்றார் அம்மா.

அதன்பின் நான் எந்தக் கணக்கையும் அலட்சியமாகப் போடவில்லை. படகோட்டி சரியான நேரத்துக்குக் கரை சேர்ந்தார். வியாபாரிக்கு முதல்முறையாக லாபம் வந்தது. அதை என்ன செய்வதென்று அவர் அப்பாவிடம் யோசனை கேட்டார்.

தேர்வு எழுதிவிட்டு ஈரோட்டிலிருந்து திரும்பியபோது அவர்கள் பைகளோடு வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா தாம்பூலத்தில் ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். நான் அந்தம்மாவின் காலில் விழுந்தேன். எனக்காக அவர் கிழவியானார், சிசுவானார், பிறக்காமலே போனார். நன்றி என்ற ஒரு சொல் போதுமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"நீதான சாமி எங்களுக்கு வயசு குடுத்த" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சாயங்கால பஸ்ஸில் என் ரேங்க் வந்து இறங்கியது. நானூற்றுப் பதினேழு. குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டுக் கூச்சத்தோடு நின்றது.

"இன்னும் சீக்கிரமா வந்திருப்பேனுங்க. எனக்கு முன்னால நெறையப் பேர் நின்னாங்க" என்றது.

"சீட்டு கிடைக்குங்களா?" என்றார் அப்பா.

"கிடைக்குமுங்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்து சேந்தீங்களே, அதுவே போதும். கையைக் கழுவிட்டு உக்காருங்க."

அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். ரேங்க் மூன்று தோசை சாப்பிட்டது.